சனிக்கிழமை என்று முடியும் வரி

எங்கள் பட்டறையின் ஏலக்காய் பிரிக்கும் மிசினுக்கான புரோகிராமில், நடுவே ஒரு குறிப்பு இருக்கிறது. கணினி அதைப் படிக்காது. திறந்து பார்க்கிற மனிதர்களுக்காக எழுதியது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருக்கும்: "இந்த வரியை எடுக்காதே. எடுத்தால் வெளுத்த காய் பச்சைப் பெட்டிக்குப் போகும். கண்டுபிடித்தது ரெஜினா அக்கா, சனிக்கிழமை."

ரெஜினா நான்தான். வயது முப்பது. இந்த மாதத்தோடு வேலையிலிருந்து நிற்கிறேன். இனி வரும் மிசின்களுக்கு நிறம் பார்க்கும் எலக்ட்ரானிக் போர்டு வெளியிலிருந்து தயாராகவே வந்துவிடும். அதற்குள் என்ன ஓடுகிறது என்று யாரும் திறந்து பார்க்கப்போவதில்லை. ஏற்கெனவே தோட்டங்களிலும் குடோன்களிலும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மிசின்களைப் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களிடம் ஒப்படைக்கிறேன். அவர்கள் என்னை இப்போதே 'ரிட்டயர்டு அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். போன வாரம் அவர்களில் ஒருத்தி கேட்டாள்:

"அக்கா, போடியில மிசினு தப்புப் பண்ணது திங்கக்கெழமைன்னு கனி சார் சொன்னாக. அன்னைக்கே அங்கனயே வச்சு நீங்க சரி பண்ணுனீகளாம். இங்கன சனிக்கெழமைன்னு கெடக்கே, தப்பாப் போட்டாகளா?"

"தப்பில்ல," என்றேன். அதற்கு மேல் வாயால் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் படித்துவந்த கதை சுருக்கமானது. ராயப்பன்பட்டியில் பள்ளி, மதுரையில் பொறியியல், சென்னையில் பதினோரு மாத வேலை. அப்பாவுக்கு முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சை நடந்ததும் ஊர் திரும்பினேன். 2006இல் உத்தமபாளையத்தில் கனி சாரின் பட்டறையில் சேர்ந்தேன். அதுவரை ஏலக்காய் உலர்த்தும் அடுப்புகள் செய்துவந்த பட்டறை அது. நிறம் பார்த்துக் காய் பிரிக்கும் மிசினை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப் பெரிய கம்பெனிகளால்தான் முடியும், நம் பக்கத்து வியாபாரிகளுக்கு நாமே செய்து கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருந்தது. இரும்பு வேலை அவருடையது. கண் வேலை என்னுடையது. பைத்தான் என்ற கணினி மொழியை அங்கே உட்கார்ந்துதான் படித்தேன்.

மிசின் எளிமையானது. நீல நிற பெல்ட்டில் வரிசையாகக் குழிகள், குழிக்கு ஒரு காய். மேலே கேமரா. அரை வினாடிக்கு ஒரு படம், படத்துக்கு நாற்பத்தெட்டு குழி. ஒவ்வொரு காயும் எவ்வளவு பச்சை என்று புரோகிராம் சொல்ல வேண்டும். பச்சை போதாத காயைக் காற்றுக்குழாய் ஊதி இரண்டாம் பெட்டியில் தள்ளும். மற்றது நேராகப் பச்சைப் பெட்டிக்குப் போகும்.

கனி சார் கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். யார் எதைச் செய்தாலும் அழுத்துவார். போல்ட் முடுக்குவதற்கு, பெல்ட் மாட்டுவதற்கு, நான் கணினியைத் திறப்பதற்கு. நேரத்தை உரக்கச் சொல்லுவார், எல்லோருக்கும் கேட்கும்படி. திட்ட மாட்டார். திட்டுக்குப் பதிலாகத்தான் அந்த எண். என் புரோகிராமை மட்டும் அவர் வேறு அளவில் அளந்தார். சோதனைக்கென்று முப்பது படங்கள் வைத்திருந்தோம். அவற்றை ஓடவிட்டுவிட்டு எதிரே இருந்த டீக்கடைக்குப் போவார். குடித்துவிட்டுத் திரும்பும்போதும் முடியவில்லை என்றால் வாசலிலேயே நின்று, "தாயி, இது ரெண்டு டீயாவுல போகுது!" என்பார்.

முதல் புரோகிராம் ஒரு படத்துக்குப் பதினோரு வினாடி எடுத்தது. முப்பது படத்துக்கு ஐந்தரை நிமிடம். அதாவது ஒரு டீ வாங்கி, ஆற்றி, குடித்து, திரும்பி வந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். தேவைப்பட்டது படத்துக்கு அரை வினாடி.

ஏன் அவ்வளவு மெதுவு என்று இந்தத் துறையில் இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு படம் என்பது எட்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், பூஜ்யத்திலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்து வரை. என் புரோகிராம் முதல் புள்ளிக்குப் போகும், மூன்று எண்களையும் கேட்கும், கணக்குப் போடும், அடுத்த புள்ளிக்குப் போகும். இதற்குத்தான் லூப் என்று பெயர். பைத்தானில் ஒவ்வொரு முறையும் 'நீ யார், எண்ணா எழுத்தா' என்று புதிதாக விசாரித்துவிட்டுத்தான் கணக்கே நடக்கும். எட்டு லட்சம் தடவை விசாரணை.

நான் பட்டியல் போட்டு வேலை செய்கிறவள். பச்சை அட்டை போட்ட நோட்டில், லூப்பை வேகப்படுத்த ஏழு வழிகள் எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தேன். லூப்புக்கு உள்ளே திரும்பத் திரும்ப நடந்த நிற மாற்றக் கணக்கை எடுத்துவிட்டு, பச்சையிலிருந்து சிவப்பைக் கழித்தால் வரும் எண்ணே போதும் என்று கண்டுபிடித்தேன். நல்ல காய்க்கு அது இருபதுக்கு மேல் இருக்கும். பதினோரு வினாடி ஏழானது. புள்ளியை வாங்கும் விதத்தை மாற்றினேன், நான்கு. நீல பெல்ட் என்று தெரிந்ததும் அந்தப் புள்ளியைத் தாண்டிவிடச் சொன்னேன், மூன்றுக்குச் சற்றுக் கீழே. ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளி பார்த்ததில் ஒன்றரை வினாடி வந்தது. கனி சார் அதை ஒத்துக்கொள்ளவில்லை. "காயில பாதியப் பாத்துட்டு மீதிய நம்பச் சொல்றியா? ராக்கம்மா நம்புவாளா?" என்றார். ராக்கம்மா என்பவள், மிசினை முதலில் ஓட்டிக் காட்டவிருந்த போடி குடோனில் காய் பொறுக்கும் பெண்களுக்குத் தலைவி. அவளை நான் அதுவரை பார்த்ததில்லை.

இதற்கு ஒன்றரை வருடம் ஆனது. நூற்று நாற்பது வரி. ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

அப்போதுதான் பவுன்தாய் வந்தாள்.

காமயகவுண்டன்பட்டி. திராட்சைத் தோட்டக்காரர் வீடு. பாலிடெக்னிக் டிப்ளமோ, அதுவும் சுமாரான மார்க். இருபத்தோரு வயது. மூன்று மாதம் தற்காலிகமாக, கேமரா லென்ஸ் துடைக்கவும் படங்களை அடுக்கி வைக்கவும் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டே விரலால் தட்டச்சு செய்வாள். வேலை செய்யும்போது ஏதாவது முணுமுணுப்பாள், அது பாட்டா பேச்சா என்று தெரியாது.

நான்காவது வாரம், என் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

"அக்கா, ஒவ்வொரு புள்ளியாவா போயிக் கேட்டுக்கிருக்கு இது?"

"வேற எப்படிக் கேக்கும்?"

"எங்க தோட்டத்துல மருந்தடிக்கைல குலை குலையாவா போயி அடிக்கிறாக? பந்தலுக்கு அடியில குழாயப் பிடிச்சா ஒரே அடி, அம்புட்டும் நனைஞ்சுரும்."

"இது மருந்தடிக்கிற வேலை இல்ல பவுனு," என்றேன்.

"சரிக்கா," என்று போய்விட்டாள்.

பதினைந்து நாள் கழித்து கம்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து பென்டிரைவில் எதையோ கொண்டுவந்தாள். நம்பை (NumPy) என்று ஒரு நிரல் நூலகம், அதாவது யாரோ எழுதிவைத்த தயார்க் கணக்குகளின் தொகுப்பு. படம் முழுவதையும் ஒரே எண் பலகையாக எடுத்துக்கொண்டு, பச்சைப் பலகையிலிருந்து சிவப்புப் பலகையை ஒரே கழித்தலாகக் கழிக்கும். விசாரணை ஒரு தடவைதான். எட்டு லட்சம் கழித்தலும் உள்ளுக்குள் மளமளவென்று நடந்துவிடும். லூப்பே கிடையாது. பத்தொன்பது வரி எழுதியிருந்தாள்.

கனி சார் வழக்கம்போல எண்டர் தட்டிவிட்டு டீக்கடைக்குத் திரும்பினார். வாசற்படியைத் தாண்டவில்லை.

"சார், முடிஞ்சிருச்சு," என்றாள் பவுன்தாய்.

"ஏலே, என்ன சொல்ற?"

"முப்பதும் முடிஞ்சிருச்சு சார்."

படத்துக்கு இருபதில் ஒரு பங்கு வினாடி. அவர் மறுபடி ஓட்டினார். மறுபடியும். பிறகு டீயைப் பட்டறைக்கே வரவழைத்து, கிளாஸை வாயில் வைத்துக்கொண்டு எண்டர் தட்டினார். "ஒரு மடக்குதான்! பாரு தாயி, ஒரு மடக்கு!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். என்னைப் பார்த்து ஏன் சிரிக்க வேண்டும்? நானும் சிரித்தேன். வாய் மட்டும் சிரித்தது.

அன்று நோட்டில் ஒரு பட்டியல் எழுதினேன். அது இன்னும் இருக்கிறது, அப்படியே தருகிறேன்.

பவுன்தாயிடம் எனக்குப் பிடிக்காதவை: ஒன்று, இரண்டு விரல். இரண்டு, பத்தொன்பது வரி. மூன்று, என்ன செய்துவிட்டோம் என்று தெரியாத முகம். நான்கு, 'பவுனு' என்று எல்லோரும் வாய் நிறையக் கூப்பிடுவது. ஐந்து, திராட்சை கொண்டுவந்து முதலில் எனக்குத் தருவது. ஆறு, பட்டியல் போடாமல் வேலை செய்வது.

ஏழாவதாக எதையோ எழுதி அடித்திருக்கிறேன். எத்தனை முறை பார்த்தும் படிக்க முடியவில்லை.

போடியில் ஜெயசீலன் அண்ணாச்சி என்று ஒரு ஏலக்காய் வியாபாரி. அவர் குடோனில் முதல் மிசினை ஓட்டிக் காட்டுவதாக ஏற்பாடு. அவர் சரி என்றால் பஜாரில் மற்றவர்களும் வருவார்கள். கனி சார் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "திங்கக்கெழம போடியில யாரு புரோகிராம் ஓடுதோ, அவுகதான் இனிமே இந்த ரூமுக்குப் பொறுப்பு. வயசு, படிப்பு, அதெல்லாம் நான் பாக்க மாட்டேன்." பிறகு பவுன்தாயின் புரோகிராமையே மிசினில் ஏற்றச் சொன்னார். ஒன்றரை வருடம் என்னுடையதாக இருந்த அறை. சாவி என் கைப்பையில் இருந்தது.

சனிக்கிழமை மதியம் பவுன்தாய் சீக்கிரமே கிளம்பிவிட்டாள். அவள் அம்மாவுக்குக் குச்சனூர் சனீஸ்வரரிடம் ஒரு வேண்டுதல், சனிக்கிழமை தோறும் எள் விளக்கு. பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. அறையில் நான் மட்டும். என் புரோகிராமையும் அவள் புரோகிராமையும் ஒரே முப்பது படங்களில் ஓடவிட்டு, குழி குழியாக எண்களை ஒப்பிட ஆரம்பித்தேன். சரிபார்ப்பு என்று பெயர். உண்மையில் ஒரு பிழையைத் தேடிக்கொண்டிருந்தேன். கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே தேடினேன்.

பெட்டிகள் எல்லாம் ஒத்துப்போயின. என் பச்சைதான் அவள் பச்சை. எண்கள் மட்டும் அங்கங்கே கொஞ்சம் கூடியிருந்தன. ஒன்பதாவது படம், பதினேழாவது குழி: எனக்கு இருபத்திரண்டு, அவளுக்கு முப்பத்தொன்று. படத்தைப் பெரிதாக்கினேன். நல்ல பச்சைக் காய், நுனியில் மட்டும் ஒரு பழுப்புத் தழும்பு.

தழும்பில் சிவப்பு நூற்று நாற்பது, பச்சை நூற்று முப்பது. கழித்தால் மைனஸ் பத்து. என் லூப்பில் மைனஸ் பத்துதான் வந்தது. அவள் பலகையில் இருநூற்று நாற்பத்தாறு.

காரணம் புரிய எனக்குப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பலகையில் ஒரு எண்ணுக்கு ஒதுக்கியிருக்கும் இடம் பூஜ்யத்திலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்து வரைதான். மைனஸுக்கு இடமில்லை. ஸ்கூட்டரின் கிலோமீட்டர் காட்டியைப் பூஜ்யத்திலிருந்து பின்னால் சுற்றினால் எல்லாமே ஒன்பதாகிவிடும் அல்லவா, அதேபோல் பூஜ்யத்துக்குக் கீழே போன எண் சுற்றிக்கொண்டு மேலிருந்து வந்துவிடுகிறது. பச்சைக் காயில் இதனால் கெடுதல் இல்லை, இன்னும் பச்சை என்று சொல்லும், அவ்வளவுதான். முழுக்க வெளுத்து மஞ்சளடித்த காயில் எல்லாப் புள்ளியிலும் சிவப்பே கூடுதலாக இருக்கும். அப்போது அத்தனையும் சுற்றிக்கொண்டு வரும். மட்டமான காய்தான் ஆகப் பச்சை என்று மிசின் சொல்லும்.

அப்படியானால் முப்பது படத்தில் ஏன் தெரியவில்லை? முப்பதிலும் வெளுத்த காய் ஒன்றுகூட இல்லை. முதல் தரத்தில் ஒரு பை, மட்டத்தில் ஒரு பை என்று அண்ணாச்சியிடம் கேட்டிருந்தோம். போடியில் மாதிரி என்று யார் கேட்டாலும் வியாபாரியின் கை தன்னையறியாமல் நல்லதைத்தான் அள்ளும். 'மட்டம்' என்று எழுதி அவர் அனுப்பிய பையிலும் ஓரளவு பச்சைக் காய்தான் இருந்தது. தன் கடையில் வெளுத்த காய் உண்டு என்று ஒத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. அதை நாங்களும் யாரும் கவனிக்கவில்லை.

தீர்வு ஒரே வரி. கழிப்பதற்கு முன் பலகையைப் பெரிய எண்களுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நோட்டில் 'சனி' என்று தலைப்பிட்டு எழுதினேன்: குழி 17, 22 / 31, காரணம், தீர்வு வரி. அடியில் இரண்டு கோடு. நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன். அறையைப் பூட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று பவுன்தாயின் எண்ணை அழுத்தினேன். மணி அடிப்பதற்குள் துண்டித்தேன். திங்கட்கிழமை காலை சொன்னால் போதும், ஒரு வரிதானே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கும் நானே சாட்சி.

திங்கட்கிழமை வேனில், தேவாரம் ஊரைத் தாண்டியதும், பேச வாயெடுத்தேன். அதற்குள் முன் இருக்கையிலிருந்து கனி சார் திரும்பினார். "பவுனு, அண்ணாச்சி கேட்டாகன்னா நீதான் வெளக்கிச் சொல்லணும். பந்தல் கதையச் சொல்லு, சட்டுனு புரியும்."

"நானா சார்? அக்கா சொல்லட்டும். அவுகளுக்குத்தான் நல்லாப் பேச வரும்."

"எழுதுனது நீ. நீதான் சொல்லணும்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

குடோனில் அண்ணாச்சி, அவருடைய தம்பி, பஜாரிலிருந்து நான்கைந்து வியாபாரிகள். காய் பொறுக்கும் பெண்கள் முறங்களை மடியில் வைத்தபடியே வேடிக்கை பார்த்தார்கள். ராக்கம்மாவை அன்றுதான் பார்த்தேன். வெற்றிலை போட்ட வாய், காயைத் தொடாமலே தரம் சொல்லும் கண். பவுன்தாய் பந்தல் கதையைச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், நல்லவிதமாக. மிசினுக்கு மாதிரிப் பை இல்லை, கடையின் உண்மையான சரக்கு மூட்டையைக் கவிழ்த்தார்கள்.

பெல்ட் ஓடியது. காற்று உஸ் உஸ் என்று ஊதியது. கனி சாரின் முகம் மலர்ந்திருந்தது. இரண்டு நிமிடம் இருக்கும்.

"யாத்தே!" என்றாள் ராக்கம்மா. எழுந்து வந்து பச்சைப் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள். "ஏண்டி இங்க வாங்கடி, இந்தக் கூத்தப் பாருங்க. வெளுத்தது பூராம் நல்ல பொட்டியிலவுல கெடக்கு! மிசினுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

பெண்கள் முறத்தால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி, "மதினி, நம்ம சோலிக்கு ஒன்னும் வராது போ, உக்காரு," என்றாள்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "என்னப்பா கனி, ஊரையே கூட்டி வச்சுக்கிட்டு எங் கடைச் சரக்கத் தலைகீழாப் பொறுக்கிக் காட்டுறியே?"

பவுன்தாய் கணினி முன்னால் குனிந்தாள். அந்த இரண்டு விரல்களும் விசைகளின் மேல் நின்றன, எதையும் அழுத்தவில்லை. கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. "பச்சையில சிவப்பத்தானே கழிச்சேன்... பச்சையில சிவப்பத்தானே..." என்று முணுமுணுத்தாள். நான் இதற்காகத்தான் காத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நினைத்த அளவு இனிக்கவில்லை. ஆனால் கொஞ்சம் இனித்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

"நகரு, பவுனு," என்றேன்.

உட்கார்ந்தேன். நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு வரியைச் சேர்த்தேன். சேமித்தேன். "பெல்ட்ட விடுங்க," என்றேன்.

வெளுத்த காய்கள் ஒவ்வொன்றாக இரண்டாம் பெட்டிக்குப் பறந்தன. ராக்கம்மா ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள், இன்னொரு பிடி அள்ளினாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "இப்பச் சரி. நீ யாரு வீட்டுப் புள்ள?" என்றாள். அண்ணாச்சி என் தலையில் கை வைத்தார். யாரோ கலர் வாங்கிவந்து முதல் பாட்டிலை என்னிடம் நீட்டினார்கள்.

அப்போது கனி சாரைப் பார்த்தேன். நான் உட்கார்ந்தபோது பழக்கத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்தியிருக்கிறார். அதைக் கையில் வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்னு நாப்பது," என்றார்.

உரக்கச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் கேட்டது. ஒரு நிமிடம் நாற்பது வினாடியில் எந்தப் பிழையையும் யாரும் கண்டுபிடிப்பதில்லை. ஒன்றரை வருடம் என் வேகத்தை அளந்தவருக்கு அது தெரியாமல் இருக்காது. ஸ்டாப்வாட்சைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். "நல்லதும்மா," என்றார். அதற்குப் பிறகு 'தாயி' என்று அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை. இன்றுவரை 'ம்மா'தான்.

திரும்பும்போது வேனில் பவுன்தாய் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"அக்கா, பதினேழாங் குழின்னா எது?"

நோட்டு மடியில் திறந்திருந்தபோது அவள் என் பின்னால்தான் நின்றிருந்தாள்.

"சும்மா. ஒரு பழைய கணக்கு."

"சரிக்கா."

மடியிலிருந்த தூக்குவாளியைத் திறந்து திராட்சையை என் பக்கம் நீட்டினாள். எடுத்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல அன்றைக்கு எனக்கு என்ன காரணம் இருந்தது?

அறையின் பொறுப்பு எனக்கு வந்தது. பவுன்தாயை நிறுத்தாமல் வைத்துக்கொண்டார்கள், எனக்குக் கீழே. எட்டு மாதம் வேலை செய்தாள். எதையும் கேட்டுவிட்டுத்தான் செய்வாள், கேட்கத் தேவையில்லாததைக்கூட. பிறகு கோயம்புத்தூரில் ஒரு பெரிய இடத்தில் வேலை கிடைத்துப் போனாள். மருத்துவமனைகளின் ஸ்கேன் படங்களை ஆராய்கிற வேலை. அங்கே ஒரு வரி தவறினால் என்ன ஆகும் என்பது வேறு. அவளுக்கு அந்த வேலை கிடைத்த அன்றும் என் நோட்டில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதை இங்கே தரவில்லை.

அவள் போய் இரண்டு மாதத்தில், மூன்றாவது பெட்டி ஒன்று வேண்டும் என்று ஒரு தோட்டத்தில் கேட்டார்கள். புரோகிராமைத் திறந்தேன். அப்போதுதான் அந்தக் குறிப்பைப் பார்த்தேன். நான் சேர்த்த வரிக்கு மேலே அவள் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தாள்.

'கண்டுபிடித்தது ரெஜினா அக்கா.' உண்மை. 'சனிக்கிழமை.' அதுவும் உண்மை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் திட்டவும் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. யார் கண்டுபிடித்தார்கள் என்ற பெருமையை என் பெயரில் எழுதி, கிழமையையும் சேர்த்துவிட்டாள். அவளுக்கு அது வெறும் விவரம்தானோ என்னவோ. கேட்டதில்லை. அவள் எண் இன்னும் என் போனில் இருக்கிறது.

'சனிக்கிழமை' என்ற அந்த ஒரு சொல்லை மூன்று முறை அழித்திருக்கிறேன். அழித்த ஒவ்வொரு முறையும் பழக்கத்தில் முப்பது படங்களையும் ஓட்டிப் பார்ப்பேன். குறிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மிசினுக்கு ஒன்றுதான். எண்கள் அப்படியே வரும். பிறகு மறுபடி தட்டிவைப்பேன். அழித்தபடியே விட்டுவிடலாம், பார்த்தவர்கள் யாருமில்லை. ஆனால் இந்த அறையில் நான் எழுதியவற்றில் அந்தக் குறிப்பு அளவுக்குச் சுருக்கமாக, மிச்சம் மீதி இல்லாமல் ஒன்றுகூட இல்லை. அழிக்கும்போதெல்லாம் அதைத்தான் நினைத்தேன். இதிலும் அவள் என்னைவிடக் குறைந்த வரியில் முடித்துவிட்டாளே என்று.

இன்னொன்று. நான் சேர்த்த அந்த வரியால் அவள் புரோகிராமின் வேகம் கொஞ்சம் குறைந்தது, நூறில் ஓரிரு பங்கு வினாடி. யாருக்கும் தெரியாத அளவு. எனக்குத் தெரியும். அதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது, நான்கு வருடமாக.

சாவியை வாங்கிக்கொள்ளப் போகிறவர்களே, நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். கிழமை தப்பில்லை. குறிப்பில் ஒரு விவரம் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். அது அவளுக்குத் தெரிந்திருந்தும் எழுதாமல் விட்டது. நேற்று மதியம் அதற்கு அடியில் நானே சேர்த்துவிட்டேன்:

"சொன்னது திங்கட்கிழமை. - ரெஜினா."

சேமித்துவிட்டு முப்பது படங்களையும் ஓட்டினேன். கனி சார் டீ கிளாஸோடு கதவோரம் நின்றிருந்தார். திரையைப் படித்தாரா என்று தெரியாது. ஸ்டாப்வாட்சை அழுத்தவில்லை. ஒரு மடக்குக் குடித்தார். அதற்குள் முடிந்துவிட்டது.